போல்ட்: பூட்டுவதா, பிய்த்துக்கொண்டு ஓடுவதா?

3 ஜூன், காலை 10.15 (வாசகர் கேள்வி)

ஆங்கிலத்தில் கதவை போல்ட் செய்தால் பூட்டியாயிற்று என்று பொருள். குதிரை போல்ட் ஆனது என்றால் கட்டை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது. நேர் எதிர். இவை வெவ்வேறு இரண்டு சொற்கள், போகப்போக எழுத்து ஒன்றாகிவிட்டது என்பது என் முடிவு. பழைய புத்தகங்களில் நடுவே ஒரு யு சேர்த்து பி-ஓ-யு-எல்-டி என்று எழுதியிருப்பதே இதற்கு ஆதாரம். யாராவது மறுக்க முடியுமா?

3 ஜூன், மதியம் 1.05

மறுக்கலாம். பூட்டுவதும் ஓடுவதும் ஒரே சொல். யு சேர்த்த எழுத்து தனிக் கதை, அதற்கு அப்புறம் வருகிறேன்.

போல்ட் முதலில் ஒரு அம்பு. பழைய ஆங்கிலத்திலேயே, அதாவது பிரான்ஸிலிருந்து நார்மன்காரர்கள் 1066ல் இங்கிலாந்தில் வந்து இறங்குவதற்கு முன்பே, இந்தச் சொல் இருக்கிறது. குட்டையாக, கனமாக, தலை தடித்து இருக்கும் அம்பு. பிற்பாடு குறுக்குவில்லில் (ஒரு கட்டையில் வில்லைக் குறுக்கே பொருத்தி, விசையை அழுத்தி எய்வது) வைத்து விடும் அம்புக்கு இதுவே பெயராக நிலைத்தது. ஜெர்மன்காரர்களின் போல்ட்சன் இதன் பங்காளி; அங்கே இன்றைக்கும் அந்த ஒரு சொல் குறுக்குவில் அம்பையும் குறிக்கும், இயந்திரத்தில் மாட்டும் போல்ட்டையும் குறிக்கும். டச்சு மொழியில் பவுட்.

இனி அந்த அம்பைக் கையில் வைத்துப் பாருங்கள். ஒரு முனை தடித்த குட்டைக் கம்பி. எதையாவது துளைக்குள் செருகி நிறுத்த இதைவிட வாகான உருவம் கிடையாது. கதவுத் தாழுக்கும் மரச்சட்டங்களை இணைக்கும் கம்பிக்கும் பெயர் இப்படித்தான் போனது. அதே அம்பை வில்லிலிருந்து விட்டுப் பாருங்கள். கண்ணுக்கே தெரியாத பாய்ச்சல். குதிரை மிரண்டு ஓடுவது அங்கிருந்து வந்தது. ஒரு கூட்டம் அம்பின் உடம்பைக் கடன் வாங்கியது, இன்னொரு கூட்டம் அதன் போக்கைக் கடன் வாங்கியது. கடன் கொடுத்தவர் ஒருவரே.

3 ஜூன், மதியம் 1.20

சேர்க்க மறந்தது. கதவுத் தாழைத் தள்ளிப் போடுவதற்கு ஆங்கிலத்தில் இன்றும் 'போல்ட்டைச் சுடு' என்கிறார்கள். அம்பு எய்வதற்கும் அதே வினைதான். கதவுக்குள் போய் உட்கார்ந்த பிறகும் பழைய தொழிலின் வாசனை போகவில்லை.

4 ஜூன், இரவு 9.30

"அம்பில் மரை ஏது? போல்ட் என்றால் மரை இருக்க வேண்டாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டியதில்லை. மரை, அதாவது தண்டைச் சுற்றி வெட்டும் திருகு வரி, வந்தது ரொம்பப் பின்னால்.

பழைய கப்பல்களில் அடித்த போல்ட்களுக்கு மரை கிடையாது. வழவழவென்று ஒரு இரும்புக் கம்பி. ஒரு பக்கம் தலை, மறு பக்கம் நுனிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு நீளத் துளை. மரக்கட்டைகளைத் துளைத்துக் கம்பியை அந்தப் பக்கம் வரவிட்டு, அந்தத் துளைக்குள் ஒரு ஆப்பை அடித்துவிட்டால் தீர்ந்தது, கம்பி திரும்பி வராது. மாட்டு வண்டியில் சக்கரம் கழன்று போகாமல் அச்சின் கடைசியில் கடையாணி போடுவார்களே, வேலை அதே வேலைதான். இன்னொரு முறையில் வாஷரைப் போட்டு நுனியைச் சுத்தியலால் அடித்துப் பரப்பிவிடுவார்கள்.

இந்தக் கம்பியையும் அந்த அம்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பெயர்ப் பொருத்தம் தானாகவே விளங்கிவிடும். நம் மனதில் போல்ட் என்றதும் அறுகோணத் தலையும் மரையும் வந்து நிற்பதால்தான் அம்பு தூரமாகத் தெரிகிறது.

5 ஜூன், காலை 7.10

உடம்பைக் கடன் வாங்கியவர்கள் பட்டியலில் துணிக்காரர்களும் உண்டு. உருளையாகச் சுற்றி வைத்த கித்தான் துணியை ஒரு போல்ட் துணி என்பார்கள், 1400 வாக்கிலேயே. நீளமாக, உருண்டையாக இருக்கிறதல்லவா.

விறைப்பாக நிமிர்ந்து உட்கார்ந்தால் 'போல்ட் அப்ரைட்'. ஆங்கிலக் கவி சாசர் தன் மில்லர் கதையில் ஒரு இளம்பெண்ணைப் பாய்மரம் போல நெடியவள், போல்ட்டைப் போல நிமிர்ந்தவள் என்று வர்ணிக்கிறார். 14ஆம் நூற்றாண்டின் கடைசி. அங்கே அவர் சொல்வது அம்பை. இதை யாராவது தமிழில் 'போல்ட்டு நட்டு போல நிமிர்ந்தவள்' என்று பெயர்த்துவிடப் போகிறார்கள் என்று எனக்கு ஒரு பயம்.

போக்கைக் கடன் வாங்கியவர்கள்: மிரண்டு ஓடுகிற குதிரை, வளைக்குள்ளிருந்து பாய்ந்து வெளியேறும் முயல், மெல்லாமல் அப்படியே விழுங்குகிற ஆள், கட்சியை விட்டுப் பிய்த்துக்கொண்டு போகும் அரசியல்வாதி. கடைசி வகைக்கு அமெரிக்காவில் 'போல்ட்டர்' என்றே பெயர். 1884 ஜனாதிபதித் தேர்தலில் தங்கள் கட்சி வேட்பாளர் பிடிக்காமல் குடியரசுக் கட்சிக்காரர்கள் சிலர் எதிர்க்கட்சியின் கிளீவ்லாந்துக்கு ஓட்டுக் கேட்டார்களே, அவர்கள் அந்த ரகம். ஆஸ்திரேலியாவில் தப்பியோடிய கைதிகளுக்கும் இதே பெயர்.

தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. கொத்தமல்லி வெயில் ஏறியதும் இலை விடுவதை நிறுத்திவிட்டு விறுவிறுவென்று தண்டு விட்டுப் பூத்துவிடும். அதுவும் போல்ட் ஆவதுதான். மொட்டை மாடியில் விதைக்கும் எனக்கு இது வருடா வருடம் நடக்கிறது. விதைப் பாக்கெட்டில் 'போல்ட் ஆகாத ரகம்' என்று ஆங்கிலத்தில் போட்டிருந்ததைப் பார்த்து பக்கத்து வீட்டுக்காரர், கீரைக்கு எதற்கு சார் போல்ட்டு என்றார்.

6 ஜூன், இரவு 10.50

இப்போது யு சேர்த்த எழுத்துக்கு வருவோம். கேள்வி கேட்டவர் இதை ஆதாரமாக நம்பியிருந்தார். அந்த எழுத்தின் பின்னால் நிஜமாகவே வேறொரு சொல் இருக்கிறது. ஆனால் அது பூட்டுவதும் இல்லை, ஓடுவதும் இல்லை. மாவு சலிப்பது.

பழைய பிரெஞ்சு மொழியில் சலிப்பதற்கு புலெத்தே என்று ஒரு வினை. அது ஆங்கிலத்துக்கு வந்து புல்ட், போல்ட், பவுல்ட் என்று பலவிதமாக எழுதப்பட்டது. சாசரின் இன்னொரு கதையில் ஒரு விவாதத்தை 'தவிடு வரை சலிக்க என்னால் ஆகாது' என்று ஒருவர் ஒதுங்கிக்கொள்கிறார். அங்கே எழுத்து பி-யு-எல்-டி-இ. ஷேக்ஸ்பியரின் கோரியொலேனஸ் நாடகத்திலும் சலித்தெடுத்த பேச்சு வராத ஒரு தளபதியைப் பற்றி, மாவையும் தவிட்டையும் சேர்த்தே வீசுகிறான் என்று இந்தச் சொல்லை வைத்துத்தான் சமாதானம் சொல்கிறார்கள்.

துணியில் கட்டிச் சலிப்பது என்பது இதன் அடிப்படை. சித்த மருந்துக் கடைகளில் சூரணத்தை இடித்து மெல்லிய துணியில் சலித்தெடுப்பதை வஸ்திரகாயம் செய்வது என்பார்கள். அதேதான். மாவு ஆலைகளில் அதற்கென்றே நெய்த பட்டுத்துணிக்கு போல்ட்டிங் துணி என்று பெயர்.

லண்டனில் வக்கீல்கள் பயிலும் கிரேஸ் இன்னில் மாணவர்கள் தங்களுக்குள் வழக்கை எடுத்து வாதாடிப் பழகுவதற்கு போல்ட்டிங் என்று பெயர் இருந்தது. வழக்கைச் சலிப்பது! நம் ஊரில் வழக்கு நம்மைச் சலிக்க வைக்கிறது.

ஆகவே மூன்று பொருள், இரண்டு சொல். பூட்டுவதும் ஓடுவதும் உடன்பிறப்புகள். சலிப்பது பிரெஞ்சிலிருந்து வந்து அதே வீட்டில் வாடகைக்கு இருப்பவர்.

7 ஜூன், காலை 6.45

எழுத்துக்கூட்டு பற்றி இன்னும் கொஞ்சம், ஏனென்றால் தனிச்செய்தியில் இரண்டு பேர் கேட்டார்கள்.

யு சேர்ப்பது அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் நடந்ததில்லை. எல் எழுத்துக்கு முன்னால் வரும் ஓ, வாயில் கொஞ்சம் இழுபட்டு ஓவ் என்று ஒலிக்கும். அதை எழுத்தில் காட்டச் சிலர் யு போட்டார்கள், சிலர் போடவில்லை. அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. பூஞ்சைக்கும் வார்ப்புக்கும் வரும் மோல்ட் என்ற சொல்லைப் பிரிட்டனில் யு போட்டும் அமெரிக்காவில் போடாமலும் எழுதுகிறார்கள். இறகு உதிர்ப்பதற்கான சொல்லும் அப்படியே. போல்ட் மட்டும் இரண்டு கரையிலும் யு இல்லாமல் நின்றுவிட்டது.

இதில் எனக்குப் பிடித்தது என்னவென்றால், அம்பாக இருந்தபோது பழைய ஆங்கிலத்தில் எழுதியதும் பி-ஓ-எல்-டி. நடுவில் சில நூற்றாண்டுகள் வாலில் ஒரு இ, நடுவில் ஒரு யு என்று என்னென்னவோ மாட்டிப் பார்த்துவிட்டு, கடைசியில் ஆயிரம் வருடத்துக்கு முந்தைய எழுத்துக்கே திரும்பியிருக்கிறது. 'பழைய எழுத்து' என்று நாம் சொல்வது உண்மையில் இடைக்கால எழுத்து.

குடும்பப் பெயர்களில் யு பிழைத்துக்கிடக்கிறது. பிபிசி சிம்பனி இசைக்குழுவை நடத்திய சர் ஏட்ரியன் போல்ட் யு போட்டுத்தான் எழுதுவார். உச்சரிப்பில் வித்தியாசம் இல்லை.

8 ஜூன், மாலை 5.15

"தமிழில் இந்த மாதிரி கோளாறெல்லாம் கிடையாது" என்று எழுதிய நண்பருக்கு: கம்பி நீட்டினான் என்றால் என்ன? ஓடிப்போனான். கம்பி எண்ணுகிறான் என்றால்? உள்ளே இருக்கிறான். சரியா?

8 ஜூன், மாலை 5.40

சிரித்து முடித்தாயிற்று என்றால் ஒரு விஷயம். ஷேக்ஸ்பியர் காலத்தில் போல்ட் என்றால் கால்விலங்கும்கூட. விலங்கின் வளையங்களைக் கோத்து நிறுத்தும் கம்பி. ஆக, போல்ட்டை மாட்டிய கைதி போல்ட் ஆகாமல் இருப்பான். நம்முடைய கம்பிக்குச் சற்றும் குறைந்தது கிடையாது.

9 ஜூன், இரவு 8.20

புறநானூறு படித்த ஒருவர் நல்ல குறுக்குக்கேள்வி போட்டிருக்கிறார். கோட்டைக் கதவுக்குக் குறுக்கே போடும் எழு என்ற மரத்துக்கு உரைகாரர்கள் 'கணையமரம்' என்று பொருள் எழுதுகிறார்கள். கணை என்றால் அம்பு. ஆக, தமிழிலும் அம்புதான் தாழ்ப்பாள் ஆனது என்கிறார்.

ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அவசரப்பட வேண்டாம். முழங்காலுக்கும் பாதத்துக்கும் நடுவே இருப்பது கணைக்கால், அதில் அம்பு ஒன்றும் இல்லை. திரண்டு நீண்ட தண்டு மாதிரி இருக்கிறது, அவ்வளவுதான். அம்பு, கால், கதவு மரம் மூன்றையும் தண்டு என்ற உருவம் இழுத்துக் கட்டலாம். அப்போது அம்பிலிருந்து தாழ் வந்தது என்று சொல்ல வேண்டிய தேவையே இல்லாமல் போகிறது. மூன்று நாள் முன்புதான் ஒலி ஒத்துப்போகிற ஒரு பிரெஞ்சுச் சொல்லை வெளியே பிரித்து உட்காரவைத்தோம். நம் வீட்டுச் சொல் என்பதற்காகச் சல்லடையின் கண்ணைப் பெரிதாக்க முடியாது.

12 ஜூன், இரவு 11.10

மரை பற்றித் தனியாக எழுதச் சொன்னீர்கள். இதில் எனக்கு வாய் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். கோவை கணபதியில் மாமாவின் லேத் பட்டறையில்தான் என் கல்லூரி விடுமுறைகள் கழிந்தன.

பட்டறையில் யாரும் அரை இஞ்சு போல்ட் என்று சொல்ல மாட்டார்கள். நாலு நூல் போல்ட். ஒரு நூல் என்பது ஒரு இஞ்சில் எட்டில் ஒரு பங்கு. கால் இஞ்சு என்றால் ரெண்டு நூல், முக்கால் இஞ்சு என்றால் ஆறு நூல். கொத்தனாரும் ஆசாரியும் இதே கணக்குதான். வடக்கே இதே அளவுக்கு சூத் என்கிறார்கள், அதற்கும் அர்த்தம் நூல். ஆங்கிலத்தில் மரைக்கே நூல் என்றுதான் பெயர். மூன்று பேரும் நூலைப் பிடித்திருக்கிறார்கள், வேறு வேறு முனையில்.

பழைய நூற்பாலை இயந்திரங்கள் இங்கிலாந்தில் செய்தவை. அவற்றின் போல்ட் எல்லாம் விட்வொர்த் என்ற பிரிட்டிஷ் மரை. ஒரு நாள் அமெரிக்க கம்ப்ரஸர் ஒன்று வந்தது. அதன் நாலு நூல் போல்ட்டில் எங்கள் பெட்டியிலிருந்த நாலு நூல் நட்டைப் போட்டேன். வெறும் விரலில் இரண்டு சுற்று நன்றாக ஏறியது, அப்புறம் பிடித்துக்கொண்டது. ஸ்பேனரை எடுக்கப் போன என் கையை மாமா தட்டிவிட்டார். மரைக்கேஜை (மரையை அளக்கும் பல் வைத்த தகடு) எடுத்துப் போல்ட்டின் மேல் வைத்து விளக்குக்கு நேரே பிடித்தார். பற்களுக்கும் மரைக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. "இது பதிமூணு, நம்மது பன்னிரண்டு" என்றார். ஒரு இஞ்சு நீளத்துக்கு விட்வொர்த்தில் 12 மரை, அமெரிக்க மரையில் 13. மற்றப் பல அளவுகளில் எண்ணிக்கை ஒன்றாகவே இருக்கும், நாலு நூலில் மட்டும் இந்த வம்பு.

எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும் மரைப் பல்லின் இரு பக்கங்களுக்கு நடுவே உள்ள கோணம் வேறு. ஜோசப் விட்வொர்த் 1841ல் முன்வைத்த மரைக்கு 55 டிகிரி. பிலடெல்பியாவில் வில்லியம் செல்லர்ஸ் 1864ல் முன்வைத்ததற்கு 60 டிகிரி. செய்வதற்கும் அளப்பதற்கும் 60 சுலபம் என்பது செல்லர்ஸ் கட்சி. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டனும் அமெரிக்காவும் ஒன்றுக்கொன்று உதிரிபாகம் கொடுக்க வேண்டி வந்தபோது இந்த 5 டிகிரி எவ்வளவு தொல்லை என்று புரிந்தது. 1948 நவம்பரில் வாஷிங்டனில் கனடாவையும் சேர்த்துக்கொண்டு மூன்று நாடும் ஒரே மரைக்குக் கையெழுத்துப் போட்டன. 60 ஜெயித்தது.

விட்வொர்த்துக்கு முன்னால் நிலைமை இன்னும் மோசம். அவரவர் பட்டறைக்கு அவரவர் மரை. ஒரு போல்ட்டுக்கு வெட்டிய நட்டு அடுத்த போல்ட்டில் ஏறாது, எனவே கழற்றும்போதே ஜோடி மாறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஹென்றி மாட்ஸ்லி 1800 வாக்கில் மரை வெட்டும் லேத்தை உருப்படியாக்கிய பிறகுதான் ஒரே மாதிரி ஆயிரம் போல்ட் என்பதெல்லாம் பேசவே முடிந்தது. விட்வொர்த் அந்த மாட்ஸ்லியின் பட்டறையில் வேலை பார்த்தவர்.

13 ஜூன், காலை 8.00

நேற்று விட்டது. விட்வொர்த் ஸ்பேனரில் அரை இஞ்சு என்று பொறித்திருந்தால் அதன் வாய் அரை இஞ்சு இருக்காது, அதைவிடப் பெரிது. அந்த எண் போல்ட்டின் தண்டு அளவு. மில்லிமீட்டர் ஸ்பேனரில் எண் தலையின் அளவு. பழைய புல்லட் வண்டியைத் தானே பிரிக்க உட்கார்ந்தவர்கள் இதற்காக வாயில் வந்ததைச் சொல்லியிருப்பார்கள்.

மரையா மறையா என்று கேட்டவருக்கு: இரண்டும் அச்சில் பார்க்கிறேன். நான் மரை என்று எழுதுகிறேன். கழண்டுபோனவர்களுக்கு எந்த ர போட்டாலும் தெரியப் போவதில்லை.

15 ஜூன், பிற்பகல் 3.30

போல்ட்டுக்கும் ஸ்க்ரூவுக்கும் என்ன வித்தியாசம்? நட்டைத் திருகி இறுக்கினால் போல்ட், தலையைத் திருகி இறுக்கினால் ஸ்க்ரூ. இது பொறியாளர் சொல்வது. கடைக்காரருக்குப் பெரிதாக இருந்தால் போல்ட்டு, சின்னதாக இருந்தால் ஸ்க்ரூ. இதைச் சிரித்துவிட்டுப் போக முடியாது. அமெரிக்கச் சுங்கத்துறை இந்த வித்தியாசத்தை விளக்கவே தனியாக ஒரு கையேடு வெளியிட்டிருக்கிறது. பெயர் மாறினால் தீர்வை மாறும்.

இயந்திரக் கையேடுகள் மொழிபெயர்க்கும் வேலையில் இது எனக்குத் தினப்படித் தலைவலி. திருகாணி என்று எழுதிக் கொடுத்தால் பட்டறையில் மர ஸ்க்ரூவைத் தேடுகிறார்கள். அதனால் போல்ட்டு என்றே எழுதுகிறேன். கதவு விஷயம் என்றால் நிலைமை தலைகீழ்: ஹார்டுவேர் கடையில் போய் போல்ட்டு என்றால் என்ன போல்ட்டு என்பார். டவர் போல்ட்டு என்று சொல்ல வேண்டும், அல்லது பூட்டுப் போடும் பெரிய ரகம் வேண்டுமென்றால் ஆல்ட்ராப். தாழ்ப்பாள் என்றால் எல்லோருக்கும் புரியும், பில்லில் மட்டும் டவர் போல்ட்டு என்று இருக்கும்.

17 ஜூன், இரவு 9.05

யாராவது உசைன் போல்ட்டைக் கொண்டுவருவார்கள் என்று காத்திருந்தேன். வந்துவிட்டார். 2009ல் பெர்லினில் 100 மீட்டரை 9.58 விநாடியில் ஓடியவருக்குக் குடும்பப் பெயர் இப்படி அமைந்தது யோகம். ஆங்கிலப் பத்திரிகைகள் எல்லாம் மின்னலோடுதான் முடிச்சுப் போட்டன, ஏனென்றால் இடியோடு இறங்கும் மின்னலுக்கும் போல்ட் என்று பெயர். அதுவும் அம்பின் போக்கிலிருந்து வந்ததே, வானத்திலிருந்து எய்தது.

ஜெயித்ததும் அவர் நிற்கும் நிலையைப் பாருங்கள். ஒரு கையை மேலே நீட்டி, மறு கையை மடக்கிப் பின்னால் இழுத்து. அதை மின்னல் என்கிறார்கள். டிவி முன்னால் என் பெரியம்மா, "ஏன்டா வில்லை வளைக்கிறான்?" என்றார். அந்தச் சொல்லின் மொத்த வரலாற்றையும் பெரியம்மா ஒரு வரியில் முடித்துவிட்டார்.

20 ஜூன், காலை 6.20

எதிர்ப்பொருள் விஷயத்துக்குத் திரும்புகிறேன். ஃபாஸ்ட் என்பதையும் பாருங்கள். வேகம் என்றுதான் நமக்குப் பழக்கம். ஆனால் சாயம் போகாத துணிக்கும் ஃபாஸ்ட் கலர், அசையாமல் பிடித்துக்கொள்வதும் ஃபாஸ்ட். பழைய பொருள் உறுதி. உறுதியாக, விடாமல், முழு மூச்சோடு ஓடுவது என்பதிலிருந்து வேகம் வந்தது. ஃபாஸன் என்ற வினையில் பழைய பொருள் அப்படியே இருக்கிறது: இறுக்கிக் கட்டு. விரதம் இருப்பதும் அதே சொல்தான், உறுதியைப் பிடித்துக்கொள்வது.

கிளிப் வேறு மாதிரி. தாளைச் சேர்த்துப் பிடிப்பதும் கிளிப், முடியை வெட்டுவதும் கிளிப். இங்கே கேள்வி கேட்டவரின் வாதம் பலிக்கும். பிடிப்பது பழைய ஆங்கிலத்தில் அணைப்பது என்ற சொல்லிலிருந்து, வெட்டுவது ஸ்காண்டிநேவியர்கள் கொண்டுவந்தது. இரண்டு தனிச் சொல், ஒரே எழுத்து. அவருடைய கொள்கையில் பழுதில்லை, அதை மாட்டிய இடம்தான் வேறு.

24 ஜூன், இரவு 10.00

துப்பாக்கி பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. போல்ட் ஆக்ஷன் துப்பாக்கியில் கைப்பிடியைத் தூக்கி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ளி, மடக்கி விட வேண்டும். வீட்டுத் தாழ்ப்பாளில் நாம் செய்கிற அதே அசைவு, அதனால் அந்தப் பெயர். பிரஷ்யப் படை ஏற்றுக்கொண்ட டிரைசே துப்பாக்கி இந்த வகையின் முன்னோடி. அதுவும் 1841ஆம் ஆண்டு மாடல், விட்வொர்த் மரையின் வயது. அம்பாகப் போர்க்களத்தில் இருந்த சொல், கதவுக்கு வேலைக்குப் போய், தாழ்ப்பாள் வேஷத்தில் மறுபடி பட்டாளத்தில் சேர்ந்துகொண்டது.

2 ஜூலை, மாலை 7.45

"போல்ட் முடிந்தது, நட்டு எங்கே?" என்கிறீர்கள். ஆங்கிலத்தில் நட் என்றால் கொட்டை, ஓடுள்ள கொட்டை. அதைத் தாண்டிப் போனால் தனி இழையே வேண்டும், யாராவது ஆரம்பியுங்கள். ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். குறுக்குவில்லில் இழுத்த நாணைப் பிடித்து நிறுத்த ஒரு சின்ன உருளை உண்டு. மான்கொம்பில் கடைந்திருப்பார்கள். விசையை அழுத்தினால் அது சுழன்று நாணை விட்டுவிடும், அம்பு பாயும். அந்த உருளைக்கும் பெயர் நட். இயந்திரத்தின் நட்டு அதிலிருந்து வந்தது என்று நான் சொல்லவில்லை, யாரும் அப்படிப் பகிர்ந்துவிட வேண்டாம். ஆனால் குறுக்குவில் வைத்திருந்தவனிடம் நட்டும் போல்ட்டும் இரண்டுமே இருந்தன. ஸ்பேனர்தான் தேவைப்படவில்லை.